எட்டும் மேலே வந்தன

பூட்சுக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு பேராசிரியர் வேதாசலம் உள்ளே வருகிறார், பூனை மாதிரி அடி எடுத்து வைக்கிறார், மீனுக்குச் சத்தம் கேட்டுவிடக் கூடாதாம், வைக்கட்டும், நன்றாக வைக்கட்டும், கொளத்தூரில் நான் அழகு மீன் வளர்த்து விற்ற சிமென்ட் தொட்டிகளுக்கு நடுவே பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் சளக் சளக்கென்று நடந்த கால்தானே அது, அன்றைக்கு இந்த உறை எங்கே போயிருந்தது. அப்போது அவர் வெறும் லெக்சரர், தலையில் முடி இருந்தது, கையில் ஒரு துணிப்பை இருக்கும், டில்லி அண்ணே, நோயில்லாத ஜீப்ராவாப் பார்த்து ஒரு நூறு குடுங்கண்ணே என்று கெஞ்சுவார், நான் அவரை நிற்கவைத்து, அதட்டி, வலைவீசிப் பிடித்துப் போடுவேன். விரல் நீளம்கூட வராத, நீலக்கோடு போட்ட மீன், கடைக்காரர்கள்கூட அதை ஒரு பொருட்டாக நினைக்கமாட்டார்கள், அதைப் போய் இவர் கும்பிட்டு வாங்கிப்போவார். அண்ணே என்பார். அந்த அண்ணே எந்த நாளில் உதிர்ந்தது என்று எனக்குத் தெரியும். பெருவெள்ளம் வந்த வருஷம் என் தொட்டி அத்தனையும் மூழ்கி, மாலி, கப்பி, ஃபைட்டர் என்று அத்தனை மீனும் தெருவோடு போய், அடுத்த மாசம் நான் இந்த ஆய்வுக்கூடத்து வாசலில் வேலை கேட்டு நின்றேன், இவர் மாடிப்படி இறங்கி வந்தார், வாங்கண்ணே என்று சொல்லத் திறந்த வாயை, பக்கத்தில் இன்னொரு பேராசிரியர் வருவதைப் பார்த்து மூடிக்கொண்டு, அப்புறம், வா டில்லி, என்றார். ஒன்பது வருஷமாக வா டில்லி, போ டில்லி, அந்தத் தொட்டியக் கழுவு டில்லி. நான் மறப்பேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நாற்காலியை இழுக்காமல் தூக்கிப் போட்டு உட்கார்கிறார், மீனுக்கு அவ்வளவு மரியாதை, கால்மேல் கால் போடுகிறார், ஆரம்பிம்மா என்கிறார். அந்தப் பெண் நிலோஃபர் எச்சில் விழுங்குவது எனக்கு இங்கே கேட்கிறது. வாணியம்பாடிப் பெண், நாலு வருஷமாக இங்கே ஆராய்ச்சி செய்கிறாள், இதே சோதனையில் இரண்டு தடவை தோற்றுவிட்டாள், இது மூன்றாவது. போன வாரம் எல்லோர் முன்னாலும் அவர் சொல்லிவிட்டார், இந்தத் தடவையும் வரலைன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு ஊரைப் பார்த்துக் கிளம்பு, வீட்ல சொல்லி மாப்பிள்ளை பார்க்கச் சொல்லு என்று. இன்றைக்கு அவளுக்குத் தீர்ப்பு நாள். எனக்கு என்ன, எனக்கு ஒன்றுமில்லை, என் வேலை மீனைப் பிடித்துக் கொடுப்பது, முடிந்ததும் வாங்கி ஐஸ் தண்ணீரில் போடுவது.

என்ன சோதனை என்று யாராவது கேட்டால் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. மீனுக்கு மன அழுத்தம் வரவைக்கிறார்களாம். மனுஷனுக்கு நாள்பட்ட மன அழுத்தம் வந்தால் உடம்புக்குள் என்ன ஆகிறது என்று மீனை வைத்துக் கண்டுபிடிக்கிறார்களாம், மனுஷனைக் கேட்டால் சொல்லமாட்டானா, என்னைக் கேட்டிருந்தால் டீக்கடையில் உட்கார்ந்தே சொல்லியிருப்பேனே. எட்டு மீன் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய தொட்டியில், அதுகளுக்கு ஒன்றும் செய்யக் கூடாது, தின்றுவிட்டுச் சும்மா இருக்கவேண்டும், வாத்தியார்கள் மாதிரி. எட்டு மீன் சிவப்பு ஸ்டிக்கரில். அதுகளுக்குத்தான் பதினைந்து நாள் தொல்லை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. என்ன தொல்லை, எத்தனை மணிக்கு என்று அந்தப் பெண் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பாள். ஒருநாள் காலை ஏழு இருபதுக்கு வலையால் விரட்டு, ஒருநாள் மூன்று மணிக்கு வலையோடு தூக்கிக் காற்றில் ஒரு நிமிஷம் பிடி, ஒருநாள் முதுகு வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீரை இறக்கு, ஒருநாள் எட்டையும் ஒரு சின்ன குவளையில் அடைத்து வை. எப்போது என்ன வரும் என்று மீனுக்குத் தெரியவே கூடாது, அதுதான் முக்கியம் அண்ணா, பழகிடக் கூடாது, என்று முதல் நாளே சொன்னாள். சொன்னதோடு விடவில்லை, வலையை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று படம் போட்டு, அதற்குப் பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டு, என் கண்ணுக்கு நேராகச் சுவரில் ஒட்டினாள். எனக்கு. வலை பிடிக்க. அவள் அப்பன் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்னாலிருந்து வலை பிடிக்கிற கைக்குப் படம். அவள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள், எல்லோருக்கும் தட்டில், எனக்குக் கை துடைக்கிற காகிதத்தில். வேண்டாம் சர்க்கரை இருக்கு என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரை இல்லை. ஆனாலும் சீட்டில் இருந்ததை ஒரு வேளைகூடப் பிசகாமல் செய்தேன், ஏழு இருபது என்றால் ஏழு இருபது, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்கவில்லை, மூன்று தடவையும் அப்படித்தான், பேர் அவளுக்கு, கை என்னுடையது.

சிவப்பு ஸ்டிக்கரில் முதல் மீனை எடுத்துக் கொடுக்கிறேன். புதுக் கண்ணாடித் தொட்டி, ஒல்லியாக, உயரமாக, நடுவில் கறுப்பாக ஒரு கோடு, எதிரே கேமரா. பயந்த மீன் கோட்டுக்குக் கீழேயே அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், பயமில்லாத மீன் கொஞ்ச நேரத்தில் மேலே ஏறி ஊர் பார்க்கும், ஆறு நிமிஷம் பார்க்கவேண்டும், இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் படித்திருக்க வேண்டுமாம். காலை எட்டு மணிக்கே பச்சை ஸ்டிக்கர் எட்டும் முடிந்தது, ஒன்றரை நிமிஷம், இரண்டு நிமிஷத்தில் எல்லாம் மேலே வந்தன, அது சரி, அப்படித்தான் வரவேண்டும். சிவப்பு ஸ்டிக்கர்கள் அடியிலேயே கிடக்கவேண்டும். கிடந்தால் அவள் பிழைத்தாள். மீன் விழுந்ததும் குண்டூசி மாதிரி அடிக்குப் போகிறது, நிற்கிறது, அவள் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். நாற்பது நொடிகூட ஆகவில்லை, மீன் வாலை ஆட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. கோட்டைத் தாண்டி, மேல்மட்டத்தில், கல்யாணவீட்டுக்கு வந்தவன் பந்தியைச் சுற்றிப் பார்ப்பது போலச் சுற்றுகிறது. அவள் காகிதத்தில் எதையோ எழுதுகிறாள், பேனா எழுதவில்லை, உதறுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கமாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது, படம் போட்டு ஒட்டினாயே, இப்போது மீனுக்கும் ஒரு படம் போட்டு ஒட்டு, இப்படிப் பயப்படு என்று. இரண்டாவது மீன், அதுவும் ஐம்பது நொடியில் மேலே. மூன்றாவது அதற்கும் முன்னால். பேராசிரியர் ஒன்றும் பேசவில்லை, அவர் பேசாமல் இருந்தால்தான் பயம், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார், வனமயிலும் இப்படித்தான் பேசாமல் இருந்தாள் கடைசியில், அவளை எதற்கு இப்போது நினைக்கிறேன், என் பெண்டாட்டி, ஆறு வருஷமாக ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் வேலையிலிருந்து திரும்பி வந்தால் வீடு பூட்டியிருக்கிறது, சாவி பக்கத்து வீட்டில். அப்படிப் போகிறவளை யாராவது திரும்பக் கூப்பிடுவார்களா. ஐஸ் தண்ணீரில் விழுந்ததும் மீன் ஒருதரம் வளைகிறது, அவ்வளவுதான், வலி இல்லையாம், புத்தகத்தில் போட்டிருக்கிறதாம், அப்புறம் அதை அரைத்து, உடம்பில் எவ்வளவு பயம் ஊறியிருக்கிறது என்று மெஷினில் பார்ப்பார்கள். அம்மியில் அரைத்த மசாலாவிலிருந்து கோழி செத்தபோது என்ன நினைத்தது என்று பார்ப்பார்களாக்கும்.

நாலாவது மீன் மேலே ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. காலிக் குவளையை மேஜையில் வைத்தேன், கை ஈரம், வழுக்கி, மோதிர விரல் மேஜை விளிம்பில் டொக்கென்று இடித்தது. பெரிய சத்தம் இல்லை. அந்தப் பெண் திரும்பவில்லை, அவள் குனிந்து கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தாள், பேராசிரியர் கண் மூடித்தான் இருந்தது. மீனுக்கு மட்டும் கேட்டது. ஏறிக்கொண்டிருந்த மீன் அப்படியே திரும்பி, வெட்டிய மாதிரி அடிக்குப் போய், மூலையில் துடுப்பு அசையாமல் நின்றது. பயந்துவிட்டது, சத்தத்துக்குப் பயம் என்று நினைத்தேன். ஆனால் அது நின்ற விதம். அதை நான் பார்த்திருக்கிறேன், தினம் இரண்டு வேளை பார்த்திருக்கிறேன், சிவப்பு ஸ்டிக்கர் தொட்டியில், வலை உள்ளே போவதற்கு முன்னால், எட்டும் அப்படித்தான் மூலையில் தலையைச் சேர்த்து நிற்கும். நாலு மூச்சு நேரம் நின்றது. அப்புறம் வலை வரவில்லை என்று தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்டது என்று வேறு எப்படிச் சொல்வது, அந்த உடம்பு தளர்ந்தது, துடுப்பு விரிந்தது, மெதுவாக, அவசரமே இல்லாமல் மேலே போனது. நான் தட்டுவேன். தொட்டியில் கையோ வலையோ போவதற்கு முன்னால் விளிம்பில் ஒரு தட்டு, நாலு மூச்சு, அப்புறம்தான் வலை. நாற்பது வருஷமாக அப்படி. கருணை கிருணை ஒன்றுமில்லை, வியாபாரம், தட்டாமல் வலையைப் போட்டால் ஃபைட்டர் துள்ளித் தரையில் விழும், மாலி பதறிப்போய் சிமென்டில் மோதிச் செதில் உதிர்க்கும், செதில் உதிர்ந்த மீனை எவன் வாங்குவான், அதனால் தட்டி, ஒரு மூலைக்கு ஒதுங்க விட்டு, ஒரே வாரலில் எடுப்போம், கொளத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தட்டுகிறேன் என்று எனக்கே தெரியாது, கண் சிமிட்டுவது தெரியுமா. பிளாஸ்டிக் உறை போட்ட படத்தில் வலை இருந்தது, கை இருந்தது, விரலின் கோணம்கூட இருந்தது, தட்டாதே என்று இல்லை. எப்படி இருக்கும், அவர்களில் ஒருத்தருக்கும் மீன்காரன் தட்டுவான் என்று தெரியாது. எப்போது வரும் என்று தெரியவே கூடாது என்று அவள் சீட்டுக் குலுக்கி, கடிகாரம் பார்த்து, நாளைப் பிரித்து வைத்தாள், நான் ஒவ்வொரு தடவையும் போய் இதோ வருது என்று சொல்லிவிட்டுச் செய்திருக்கிறேன். தட்டினால் வரும். தட்டாத நேரம் வராது. தட்டாத நேரம் முழுக்க அந்த எட்டும் நிம்மதியாகத் தின்று, நீந்தி, தூங்கியிருக்கின்றன.

இருக்காது என்று நினைத்தேன். மீனுக்கு அவ்வளவு கணக்குத் தெரியாது. ஐந்தாவது மீன் மேலே வரும்வரை காத்திருந்து, வேண்டுமென்றே, துணியை எடுக்கிற சாக்கில், லேசாக ஒரு தட்டு. அடிக்குப் போய் நின்றது. நாலு மூச்சு. தளர்ந்தது. மேலே வந்தது. இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது என்பதுதான் முதலில் தோன்றியது. சொன்னால் என்ன ஆகும், மூன்று தடவை நாசம் பண்ணியவன் நான்தான் என்று ஆகும், வருஷா வருஷம் நீட்டிக்கிற வேலை, அறுபத்திரண்டு வயது, நீட்டிக்காமல் விட ஒரு காரணம்தான் வேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் போவாள். போகட்டும். எனக்கு அவள் யார், வாணியம்பாடிக்குப் போய் மாப்பிள்ளை பார்த்து பிரியாணி தின்னட்டும். முதல் தடவை வராதபோது தண்ணீர் சரியில்லை என்று நாலு மாசம் தண்ணீரை மாற்றினாள், இரண்டாவது தடவை மீன் வம்சம் சரியில்லை என்று வேறு ஊரிலிருந்து மீன் வரவழைத்தாள், குளிர்சாதனப் பெட்டி பின்னால் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன், பார்த்துவிட்டு வாளியைச் சத்தமாக வைத்தேன், எழுந்துபோகட்டும் என்று. ஆறாவது மீனைப் பிடிக்கும்போது விரல் தானாகத் தட்டப்போனது, மடக்கிக்கொண்டேன். தட்டினால் வரும், தட்டாத நேரம் வராது. டிவிஎஸ் ஃபிஃப்டி ஸ்டாண்டு போடுகிற சத்தம் வனமயிலுக்குத் தெரியும். அந்த நாளில் நான் குடித்துக்கொண்டிருந்தேன், எல்லோரும்தான் குடிக்கிறார்கள், தெருமுனையில் ஸ்டாண்டை உதைக்கிற உதையிலேயே இன்றைக்கு என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிடும், நான் வாசல் ஏறும்போது மகளைப் பின்கட்டுக்கு அனுப்பியிருப்பாள், முகத்தைக் கழுவி, சோற்றை வைத்துவிட்டு, தயாராக நிற்பாள், எத்தனையோ வருஷம் அப்படி ஓட்டினாள், மற்ற நேரம் நன்றாகத்தான் இருந்தாள், பாட்டுக்கூடப் பாடுவாள். வண்டி என்ஜின் போய் ஒரு மாசம் மெக்கானிக்கிடம் கிடந்தது, நான் நடந்து வந்தேன். சத்தமில்லாமல். ஒருநாள் ஏழு மணிக்கு, ஒருநாள் ஒன்பதுக்கு, ஒருநாள் மதியமே. அந்த ஒரு மாசத்தில்தான் அவள் அடுப்படியில் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார ஆரம்பித்தாள், கூப்பிட்டாலும் எழுந்திருக்கமாட்டாள், சோறு இறங்காது, நடிப்பு என்று நினைத்தேன், நடிக்காதடி என்று சொல்லி, கையை... அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம். வண்டி சரியாகி வந்த பிறகும் அவள் அங்கேதான் உட்கார்ந்தாள். ஆறாவது மீன் மேலே வந்துவிட்டது, அதை எடுங்க அண்ணா என்கிறாள் அந்தப் பெண், இரண்டு தடவை கூப்பிட்டாளாம். எடுத்தேன். ஐஸ் தண்ணீர். வளைந்தது.

ஏழாவதும் மேலே வந்தபோது பேராசிரியர் கண்ணைத் திறந்தார். போதும்மா என்றார். அவள் இன்னும் ஒன்று இருக்கிறது சார் என்றாள், எட்டாவது அப்போதுதான் தொட்டியில் விழுந்து அடியில் இருந்தது. எட்டாவது வந்து உன்னக் காப்பாத்துமா என்று கேட்டார். கத்தவில்லை, அவர் கத்தமாட்டார், படித்தவர். பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார், தேதி, மணி, சீட்டில் வந்தது, எல்லாம் அவள் கையெழுத்தில் முத்து முத்தாக இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே, எழுத்து நல்லாயிருக்கு, கதையும் நல்லாயிருக்கு என்றார், பதினஞ்சு நாள் தொல்லை குடுத்த மீன் இப்படித் திருவிழா பார்க்குமா, மூணு தடவையும் நீ இங்க ஒண்ணுமே செய்யல, உட்கார்ந்து எழுதியிருக்க, அவ்வளவுதான் என்றார். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், வேதாசலம் படிக்கட்டில் என் முன்னால் மூடிய மாதிரி இல்லை இது, வேறு மாதிரி, அவளுக்கே சந்தேகம் வந்துவிட்ட மாதிரி. ஒண்ணுமே செய்யல. அந்த வார்த்தை என் காதுக்குள் போய் மாட்டிக்கொண்டது. அவளைப் பொய்க்காரி என்றது எனக்கு ஒன்றுமில்லை, பெரிய மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் செய்தது யார். ஞாயிற்றுக்கிழமை ஏழு இருபதுக்கு, மழையில், பஸ் இல்லாமல் ஷேர் ஆட்டோவில் தொங்கி வந்து செய்தது யார். கடிகாரம் பார்த்து எட்டு நிமிஷம் விரட்டியது யார். செய்யவே இல்லையாம். நான் இங்கே இல்லவே இல்லையாம். இத்தனைக்கும் நான் அவருக்கு மூன்றடி தள்ளி வலையோடு நிற்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, தொட்டியைக் கேட்பாரா, வாளியைக் கேட்பாரா, அப்படி. அவளுக்காகப் பேசினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"செஞ்சது நான் சார்," என்றேன். "ஒரு வேளை விடல. தட்டிட்டுச் செஞ்சேன். அதான் தப்பு."

அவருக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை. எட்டாவது மீன் இதற்குள் மேலே ஏறிக் கோட்டைத் தாண்டியிருந்தது, பாருங்க என்று சொல்லி மேஜை விளிம்பில் தட்டினேன். மீன் அடிக்கு விழுந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து உறை போட்ட காலோடு வந்து குனிந்து பார்த்தார், மீன் மூலையில் நின்று, தளர்ந்து, மேலே வந்தது. இன்னொரு தடவை என்றார். தட்டினேன். விழுந்தது. எந்த மீனும் சத்தத்துக்கு விழும் என்றார், சரி என்று பொதுத் தொட்டியிலிருந்து ஒன்றைப் பிடித்து, இதை எடுத்துவிட்டு அதைப் போட்டு, அது மேலே வரும்வரை பொறுத்து, தட்டினேன். அது ஒருதரம் உடம்பை உதறிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் என் முகத்தை அவர் நேராகப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பிறகு சிரித்தார், மீனுக்குச் சத்தம் கேட்குமே என்ற பயமே இல்லாமல்.

"சம்பந்தி வீட்டுக்குப் போற மாதிரி கதவத் தட்டிட்டுப் போயிருக்கியேடா டில்லி."

டா. அதையும் எழுதி வைத்துக்கொண்டேன், உள்ளே. பேச்சுச் சத்தம் கேட்டுக் கதவருகில் வந்து நின்ற இரண்டு மாணவர்களும் சிரித்தார்கள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவளிடம், பயம் இல்ல, எதிர்பார்ப்பு, அதான் விஷயம், எட்டும் சுகவாசியா இருந்திருக்கு என்று தன் கண்டுபிடிப்பு மாதிரி சொன்னார், சொல்லட்டும். இதே மாதிரி இன்னொரு கூட்டம் இன்னைக்கே ஆரம்பி, இவன் தட்டாமச் செய்யட்டும், பதினாறாம் நாள் பார்க்கலாம், அதுவரைக்கும் நீ இரு என்றார். நீ இரு. அவ்வளவுதான், அவள் பிழைத்தாள். வேலையை விட்டுப் போ என்று என்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூடத் தேவலை, தட்டாமச் செய்யட்டும் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அந்தப் பெண் எனக்கு நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, சொல்லவும் இல்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் கையில் சீட்டு டப்பா இருந்தது, அந்த வயதில் எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் எழுந்து நிற்கிறார்களோ. பொதுத் தொட்டியிலிருந்து எட்டு எடுத்து, புதுத் தொட்டியில் விட்டு, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். இந்தத் தடவை நான் பக்கத்துல நின்னு பார்க்கறேன் அண்ணா, தப்பா நினைக்காதீங்க என்றாள். நினைப்பேன். தப்பாகத்தான் நினைப்பேன். சீட்டை எடுத்தாள், பிரித்தாள், ஒன்றே காலுக்கு வலை விரட்டல் என்றாள், சுவரில் மணி ஒன்று பதின்மூன்று. எட்டும் புதுத் தொட்டியில் மேலும் கீழுமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, ஒன்று மேலே வந்து தண்ணீரின் தோலைக் கொத்திப் பார்த்தது. இதுகளுக்கு என்னைத் தெரியாது. பதினைந்து நாள், முப்பது தடவை, எப்போது வரும் என்று தெரியாமல், எந்த நேரம் நிம்மதி என்று தெரியாமல், அப்போது அந்த மாதிரி அடியில் போய் உட்காரும், சோதனை வரும், இந்தத் தடவை வரும், எனக்குச் சந்தேகமே இல்லை. நான் வாயைத் திறந்திருக்காவிட்டால் இந்தப் பெண் இந்நேரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்பாள், இந்த எட்டும் பொதுத் தொட்டியில் கூட்டத்தோடு கிடந்திருக்கும். யார் சொல்லச் சொன்னது. வலையை எடுத்தேன். வலதுகை நடுவிரல் விளிம்புக்குப் போனது, நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது, அவள் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மீனை இல்லை. விரலைக் கட்டைவிரலுக்குள் மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒன்றே கால் என்றாள். போட்டேன். நேராக நடுவில், கூட்டத்துக்குள், ஒரே இறக்காக. இப்படி ஒரு சிதறலை நான் இந்த நாற்பது வருஷத்தில் பார்த்ததில்லை, எட்டும் எட்டுத் திசைக்குப் பாய்ந்து கண்ணாடியில் மோதின, ஒன்று திரும்பத் திரும்ப அதே இடத்தில் மோதியது, மூலை எங்கே என்றே அதற்குத் தெரியவில்லை, சின்னச் சின்னதாகச் செதில் இரண்டு தண்ணீரில் மினுங்கிக்கொண்டு இறங்கியது. எட்டு நிமிஷம் விரட்டினேன். கை நடுங்கவில்லை, நல்ல கை. வலையை வெளியே எடுத்தபோது எட்டும் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடந்தன, செவுள் மட்டும் அடித்துக்கொண்டது. அவள் மணியைப் பார்த்தாள், எழுதினாள், பேனாவை மூடினாள்.

"கரெக்ட் அண்ணா," என்றாள். "இப்படித்தான்."

இந்த ஆய்வுக்கூடத்தில் என் வேலையை ஒருத்தர் சரியென்று சொன்னது அதுதான் முதல் தடவை.